எலுமிச்சம்பழம் போட்ட நியூட்ரல்

என் டிரைவர் லைசென்ஸில் சிவப்பு மையில் ஒரு வரி இருக்கிறது. இங்கிலீஷில் எழுதியது. நான் அஞ்சாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது ‘என்’, ‘ஆர்’ என்ற இரண்டே எழுத்து. அதுவும் ஒரு காரின் ஸ்டீரிங்குக்குக் கீழே எழுதியிருந்ததால் தெரிந்தது. ஆனாலும் அந்தச் சிவப்பு வரி என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். நான் பெட்ரோல் திருடன் என்று சொல்கிறது.

நான் நல்ல பிள்ளை என்று சொல்லவில்லை. டீக்கடை பெஞ்சில் தூங்குகிறவர்களின் வேட்டியைப் பெஞ்சோடு முடிந்துவைத்திருக்கிறேன். ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக் கணக்கப்பிள்ளையின் குடைக்குள் வேப்பங்கொட்டையை நிரப்பிவைத்திருக்கிறேன். ஆனால் அந்த வரியில் எழுதியிருக்கிற காரியத்தை நான் செய்யவில்லை. அதைச் செய்தது மூன்று எலுமிச்சம்பழம். சிரிக்காதீர்கள். இப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் என் பிழைப்பில் மண்ணைப் போட்டார்கள்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷம் முந்தி, குமுளிக்கு மேலே மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பிப் போனார். போகும்போது தன்னுடைய இரண்டு ரேஸ் கார்களையும் விற்றுவிட்டுப் போனார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அச்சு. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். மேல்கூரை கிடையாது. பானட்டுக்குக் குறுக்கே தோல் வார், முதுகில் ஸ்டெப்னி, கரும்பச்சை நிறம். தூரத்தில் வந்தால் எது எது என்று தெரியாது. உள்ளே எட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம். அந்தக் கம்பெனியில் வண்டி வாங்கும்போதே எந்தக் கியர் வேண்டும் என்று கேட்பார்களாம். துரை தனக்குக் கை கியர் கேட்டு வாங்கினார். துரைசாணிக்குச் செல்ப் கியர் கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

கை கியர் என்றால் லாரியில் இருப்பது மாதிரி தரையில் முளைத்து நிற்கும் தடி. கிளட்சை மிதித்துத் தடியை நடுவுக்கு இழுத்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு அமுக்கு அமுக்கி, மறுபடி கிளட்சை மிதித்துத் தள்ளினால் கியர் விழும். ஒரு நொடி பிசகினால் உள்ளே இரும்புப் பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கத்தும். தெருவே திரும்பிப் பார்க்கும்.

செல்ப் கியரில் தரையில் தடியே கிடையாது. ஸ்டீரிங்குக்குக் கீழே பிறை மாதிரி ஒரு தகடு. அதில் மேலிருந்து கீழாக நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு, அப்புறம் ‘என்’, அடியில் ‘ஆர்’. ‘என்’ என்றால் நியூட்ரல். ‘ஆர்’ என்றால் பின்னால் போவது. அந்தத் தகட்டின் மேல் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கம்பி நகரும். அடுத்து எந்தக் கியர் வேண்டுமோ அதற்கு நேராகக் கம்பியை முன்கூட்டியே வைத்துவிடலாம். அப்போது ஒன்றும் நடக்காது. வேண்டும் என்கிற நேரத்தில் இடது காலால் ஒரு மிதி மிதித்து விட்டால், கம்பி எங்கே நிற்கிறதோ அந்தக் கியர் சத்தமில்லாமல் தானே விழும். மிதிப்பதை மட்டும் முழுசாக மிதிக்க வேண்டும். அரை மிதி மிதித்தால் பெடல் திருப்பி உதைக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முதலாளி ஏலக்காய் வியாபாரி. அவருக்குத் தானே கார் ஓட்ட வேண்டும் என்று கொள்ளை ஆசை. கை கியரில் கடகடவென்று சத்தம் எழுப்பிப் பத்துப் பேர் சிரித்த பிறகு, துரைசாணி வண்டியை வாங்கினார். துரை வண்டியை அவருடைய மச்சினர் வாங்கினார். மச்சினர் தன் அக்காளை முதலாளிக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் எல்லாவற்றிலும் போட்டி. இவர் வீட்டில் இரண்டு மச்சு கட்டினால் அவர் மூன்று கட்டுவார்.

முதலாளி ஊருக்குள் ஓட்டினார். மலையில் ஓட்டப் பயம். அதற்கு நான். அதுவரை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு ரேஸ் கார் கிடைத்தால் எப்படி இருக்கும்! நான் தரையில் நடக்கவில்லை.

வாய் சும்மா இருக்குமா? மச்சினர் வண்டிக்கு மீசை வைத்த ஒரு டிரைவர் இருந்தார். நாற்பது வயசு. கை கியரில் சத்தமே வராமல் ஓட்டுவார். அந்தப் பெருமை மீசை நுனி வரைக்கும் இருக்கும். கிட்டங்கி வாசலில் இரண்டு வண்டியும் அருகருகே நிற்கும்போது அவர்தான் முதலில் சீண்டுவார்.

“ஏலே, துரைசாணி வண்டிக்கு வளையல் போட்டாச்சா?”

“போட்டாச்சுண்ணே. ஒங்க வண்டிக்கு உலக்க வேணுமாம்ல? தரையில ஒன்னு நட்டுருக்கே, அது காணாதா?”

“கியர மாத்தத் தெரியாத பயலுக்குப் பேச்ச பாரு.”

“எனக்கு எதுக்குண்ணே தெரியணும்? பெட்டிக்குள்ள ஒரு குட்டி ஆளு இருக்காரு. மேல இருந்து நம்பரச் சொன்னா அவரு மாத்திக் குடுத்துருவாரு. வெத்தல பாக்கு மட்டும் வாரத்துக்கு ஒரு தடவ வச்சிரணும்.”

இதைக் கேட்டுக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை நிஜமென்று நம்பி, மறுநாள் வண்டியின் தரைப்பலகைக்கு அடியில் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போனார். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, கணக்கப்பிள்ளை தனக்குச் சூனியம் வைத்துவிட்டதாகக் கூச்சல் போட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அன்றைக்கு அந்தச் சிரிப்புக்கு நான் என்ன விலை கொடுக்கப்போகிறேன் என்று தெரியாது.

இனி எலுமிச்சம்பழம்.

கூடலூரைத் தாண்டி மலையடிவாரத்தில் காவல் தெய்வம் ஒன்று உண்டு. ஒரு கல், ஒரு சூலம், ஒரு பூசாரி. மலை ஏறுகிற வண்டி எதுவும் அங்கே நிற்காமல் போகாது. மாட்டு வண்டிக்காரன் நுகத்தடியில் பழம் கட்டுவான். லாரிக்காரன் கியர்த் தடியின் குமிழில் கட்டுவான். ஏன் கியர்த் தடி என்றால், மலையில் உயிரைக் காப்பது அதுதான். பிரேக்கை நம்பி யாரும் குமுளி இறக்கத்தில் வருவதில்லை. கியரில்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துவோம். அதனால் சாமியும் அங்கேதான் உட்கார வேண்டும். நானே லாரியில் எத்தனையோ தடவை கட்டியிருக்கிறேன். கைத்தடி கனத்தில் இருக்கிற அந்தத் தடிக்கு ஒரு பழம் என்ன, ஒரு பலாப்பழத்தையே கட்டினாலும் அசையாது.

முதலாளி முதல் தடவை செல்ப் கியர் வண்டியில் மலை ஏறியபோது, பூசாரி கொடுத்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தடியைத் தேடினார். தரையில் இல்லை. ஸ்டீரிங்குக்குக் கீழே இருந்த கம்பியில் கட்டினார்.

“முதலாளி, அது ஈக்குச்சி கணக்கா இருக்கு. கனம் தாங்காது. கண்ணாடிச் சட்டத்துல கட்டிருவோமே” என்றேன்.

“கியருல கட்டுறதுதான்டா வழக்கம். கண்ணாடியா வண்டியப் பிடிக்குது?”

“பழம் கியர மாத்திருச்சுன்னா?”

“ஏலே, ஒன்னய ஓட்டக் கூப்ட்டேனா, நக்கலடிக்கக் கூப்ட்டேனா?”

நான் அன்றைக்கு நிஜமாகத்தான் சொன்னேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தால் எல்லாமே நக்கல். ஒற்றைப் பழம், சின்னப் பழம். கம்பி ஒன்றும் ஆகாமல் நின்றது. நானும் விட்டுவிட்டேன். இப்படியே ஆறேழு மாதம் ஏறி இறங்கினோம்.

ஒரு ஆடி வெள்ளிக்கிழமை இரண்டு வண்டியும் ஒன்றாகக் குமுளிக்குப் போயின. அடிவாரத்தில் நிறுத்தினோம். மச்சினர் அன்றைக்கு வரவில்லை. ஆனால் தன் வண்டிக்கு இரண்டு பழம் கட்டச் சொல்லி அனுப்பியிருந்தார். மீசைக்காரர் கை கியர்த் தடியில் இரண்டு பழத்தைக் கோத்துக் கட்டினார். எங்கள் முதலாளி அதை ஒரு பார்வை பார்த்தார்.

“பூசாரி, நமக்கு மூணு குடுங்க. பெருசாப் பாத்து.”

மூன்றும் நாட்டு எலுமிச்சை. ஒவ்வொன்றும் என் கை முட்டி அளவு. அதோடு வேப்பிலைக் கொத்து ஒன்று. எல்லாவற்றையும் ஒரே சரமாகக் கட்டி அந்தச் சுண்டுவிரல் கம்பியில் தொங்கவிட்டார். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏற்றத்தில் நான் கம்பியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

குமுளியில் வேலை முடிந்து மத்தியானம் இறங்கினோம். முதலாளி என் பக்கத்தில். பின்னால் நூறு அடி விட்டு மீசைக்காரர். ரோடு மழையில் அரித்துக் கிடந்தது. வண்டி நடுங்கிக்கொண்டே வந்தது. மூன்றாவது கியரில் வந்தேன். பெரிய கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் கம்பியை இரண்டுக்கு நேராக வைத்தேன். கண்ணை ரோட்டில் வைத்தேன். வளைவு பக்கத்தில் வந்ததும் ஒரே மிதி, முழு மிதி.

வண்டி பிடிக்கவில்லை. இஞ்சின் உறுமுவதற்குப் பதிலாகத் தூங்கப் போகிறவன் மாதிரி மெல்ல முனகியது. சக்கரங்கள் பறந்தன. கீழே பார்த்தேன். பழச்சரம் கம்பியை இரண்டிலிருந்து ஒன்றுக்கும், ஒன்றிலிருந்து ‘என்’னுக்கும் இழுத்துக்கொண்டு போய் அங்கே ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது. நியூட்ரல்! குமுளி இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவில், நியூட்ரல்!

கம்பியை மறுபடி இரண்டுக்குத் தூக்கினேன். மிதித்தேன். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கும் அதற்குப் பிறகும் நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. லாரிக் கால் எனக்கு. பயத்தில் கால் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. கை கியரில் செய்கிற மாதிரி பாதி மிதித்து, விட்டு, மறுபடி மிதிக்கப் போனேன். பெடல் படாரென்று மேலே வந்து என் முழங்காலுக்குக் கீழே உதைத்தது. அப்புறம் அதை அமுக்க யானை பலம் வேண்டும். முழுசாக ஒரே மிதி மிதித்திருந்தால் வண்டி நின்றிருக்கலாம். அது என் தப்புத்தான். ஆனால் அந்த இரண்டாவது மிதிக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது யார்?

“பிரேக்க போடுலே! ஏலே, பிரேக்கு!” என்று முதலாளி கத்தினார்.

போட்டுக்கொண்டுதான் இருந்தேன். கருகுகிற வாடை வந்தது. இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் மலைச்சுவர். வலது பக்கம் ஒடித்து ஓடைக்குள் இறக்கி மண்ணில் முட்டவைத்தேன். வண்டியின் முகம் நசுங்கியது. எனக்குக் காலில் வீக்கம். முதலாளி கண்ணாடிச் சட்டத்தில் மோதி முன்பல் இரண்டைத் துப்பினார். இரண்டு பேரும் உயிரோடு இருந்தோம். அதற்காக எனக்கு ஒரு கும்பிடு போட்டிருக்க வேண்டும்.

மீசைக்காரர் பின்னால் வந்து வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். மேலே ஏறிக்கொண்டிருந்த இரண்டு லாரிகளும் நின்றன. கூட்டம் கூடியது. முதலாளி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு கேட்ட முதல் கேள்வி:

“நியூட்ரல்ல விட்டயாடா?”

“நான் விடல முதலாளி. பழம் இழுத்து விட்ருச்சு. பாருங்க, கம்பி எங்கன இருக்குன்னு.”

கம்பி இப்போது இரண்டில் இருந்தது. நான்தானே தூக்கி வைத்தேன். பழங்கள் மோதலில் சரம் அறுந்து தரையில் உருண்டு கிடந்தன. ஒரு லாரிக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

“எலுமிச்சம்பழம் கியர் போட்டுச்சாம்ப்பா!”

“பெட்டிக்குள்ள இருக்க குட்டி ஆளு எங்கடா? அவரு லீவா?”

என் விளையாட்டுப் பேச்சையே எடுத்து என் முகத்தில் எறிந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் சத்தியம் பண்ணினேன். சத்தியம் பண்ணப் பண்ண இன்னும் சிரித்தார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. “பெட்ரோல மிச்சம் பிடிக்கப் பாத்துருக்கான். லாரிக்காரப் புத்தி எங்க போகும்?” என்றார்.

இது சும்மா வந்த பழி இல்லை. குமுளி இறக்கத்தில் வளைவு முடிந்த கடைசிச் சரிவில் லாரிக்காரர்கள் இஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டு இறங்குவார்கள். அதில் மிச்சமாகிற பெட்ரோலை உறிஞ்சி எடுத்துக்கொள்வார்கள். எல்லோரும் செய்வது, நானும் லாரியில் செய்திருக்கிறேன். முதலாளிக்கு அது தெரியும். ஆனால் இரண்டு பேர் உட்காருகிற காரில், முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எவனாவது செய்வானா? இதை யோசிக்க ஒருத்தருக்கும் புத்தி வரவில்லை.

முதலாளிக்கு வேறு வழியும் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. பழம்தான் காரணம் என்றால், அதைக் கட்டியது அவர் கை. அதைவிட, சாமி பழம் தன் பல்லை உடைத்தது என்று ஒரு பெரிய மனுஷன் ஊருக்குள் சொல்ல முடியுமா? மச்சினரை மிஞ்ச மூணு பழம் கேட்டு வாங்கியதை வாய் திறந்து சொல்ல முடியுமா? என்னைத் திருடனாக்குவதுதான் லேசு.

போலீசில் எழுதிக் கொடுத்தார். சப் இன்ஸ்பெக்டர் என் லைசென்ஸை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். விசாரணை முடிகிற வரைக்கும் ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது.

டிரைவருக்கு லைசென்ஸ் இல்லையென்றால் அவன் வெறும் ஆள். நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் போனால் ‘நியூட்ரலு வர்றான்’ என்று பொடிசுகள் ஓடின. எத்தனை பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவன் நான்! எனக்கு ஒன்று வைத்துவிட்டார்கள். ஆத்தா சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“நீ எடுக்கலேல்ல?”

“என்ன எடுக்கல?”

“பெட்ரோலு.”

“ஆத்தா, நீயுமா?”

“இல்லப்பா... நீ எத நெசமாச் சொல்ற, எத விளையாட்டுக்குச் சொல்றன்னு எனக்கே தெரியாது.”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி வண்டியைத் தட்டி ஒழுங்குபண்ணிக் கொண்டுவந்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருந்தார். தேனியிலிருந்து புதுப்பல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சாட்சிக்கு வந்த மீசைக்காரரும் இரண்டு போலீஸ்காரர்களும் நின்றார்கள். வண்டிக்குள் பார்த்தேன். கம்பியில் மறுபடி மூன்று பழம். இப்போதுதான் வாசலில் வைத்துப் புதுசாகப் பூஜை போட்டுக் கட்டியது.

எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் சந்தோஷம். சாட்சி தானாக வந்து தொங்குகிறதே!

“சார், நான் ஒன்னும் பேசல. நீங்களே வண்டியில ஏறி ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. ஒன்னுல வச்சு மிதிங்க. போதும்” என்றேன்.

சப் இன்ஸ்பெக்டருக்கும் ரேஸ் காரில் உட்கார ஆசைதான். தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு ஏறினார். இஞ்சினைப் போட்டார். கம்பியை ஒன்றில் வைத்தார். வண்டி நின்ற இடத்தில் நடுங்கியது. அந்த நடுக்கத்தில் பழச்சரம் கம்பியை மெல்ல, எல்லோர் கண்ணுக்கும் முன்னால், கீழே இறக்கி ‘என்’னில் நிறுத்தியது. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு மிதித்தார். ஆக்சிலேட்டரை அமுக்கினார். வண்டி கத்தியது. நகரவில்லை.

மறுபடி ஒன்றில் வைத்தார். மறுபடி இறங்கியது. மிதித்தார். நகரவில்லை. மூன்றாவது தடவையும் அப்படியே.

நான் குதித்தேன். “பாத்தீகளா சார்! பாத்தீகளா! கம்பி எங்கன இருக்குன்னு பாருங்க!”

ஆனால் அவர் கம்பியைப் பார்க்கவில்லை. பழங்களைப் பார்த்தார். முதலாளி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, “சாமி கட்டுன வண்டி சார். பூட்ஸ் காலோட ஏறிட்டீக” என்றார்.

சப் இன்ஸ்பெக்டர் முகம் வெளுத்தது. சட்டென்று இறங்கினார். பழத்துக்கு நேராகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒரு இரும்புக் கம்பியை மூன்று பழம் இழுப்பதை, பட்டப்பகலில், ஐந்து பேர் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, சாமி வண்டியை நகரவிடவில்லை என்றார்கள்!

“சார், சாமியும் இல்ல ஒன்னும் இல்ல. கனம் சார், கனம்! அந்தப் பழத்த அவுத்துட்டு மிதிங்க, போகும்!”

“வாய மூடுறா. சாமி காரியத்துல எதுத்துப் பேசாத” என்றார் சப் இன்ஸ்பெக்டர். உள்ளே போனார். பயத்தில் அவருக்கு இந்த வழக்கே வேண்டாம் என்றாகிவிட்டது. முதலாளிக்கும் மேலே இழுக்க இஷ்டமில்லை. சப் இன்ஸ்பெக்டர் டிராயரைத் திறந்து என் லைசென்ஸை எடுத்தார். சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார்.

“என்ன சார் எழுதுறீக?”

“எச்சரிக்க. லைசென்ஸ் ஒனக்குத் திரும்பக் கிடைக்குதுல்ல, வாங்கிட்டுப் போ.”

“நான் நியூட்ரல்ல விடல சார். அந்த வரி இருந்தா எனக்கு எவன் வண்டி குடுப்பான்?”

“வேணாம்னா வச்சிட்டுப் போ. டிராயருல எடம் இருக்கு.”

வாங்கிக்கொண்டேன். என்னால் வேறு என்ன செய்ய முடியும்?

வாசலில் மீசைக்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் தாண்டிப் போகும்போது தணிந்த குரலில், “ஏலே, கம்பி எறங்குனத நான் பாத்தேன்” என்றார்.

“இப்பவா?”

“இப்பவும் பாத்தேன். அன்னைக்கு மலையிலயும், ஏறுறப்ப நீ கம்பியில இருந்து கைய எடுக்காமப் பிடிச்சிருந்ததப் பாத்தேன். அப்பவே நெனச்சேன்.”

“அப்புறம் ஏண்ணே உள்ள சொல்லல?”

அவர் புகையை விட்டார். “எனக்கும் லைசென்ஸ் இருக்குல்லடா” என்றார்.

அவரை அடிக்கக் கை ஓங்கியதும் உண்டு. அடிக்கவில்லை. அவரிடம் கடைசியாக நான் ஏதாவது கிண்டலாகச் சொல்லியிருக்க வேண்டும். வாயில் ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலம் முதலாளி ஆள் விட்டிருந்தார். நடந்தது நடந்துபோச்சு, மறுபடி வண்டி ஓட்ட வா என்று. ‘பழத்தை எடுத்தால் வருகிறேன்’ என்று சொல்லி அனுப்பினேன். ‘பழம் இருக்கும், நீ வேணாம்’ என்று பதில் வந்தது.

சிவப்பு மைக்காரனுக்கு ஊரில் யாரும் வண்டி கொடுக்கவில்லை. ஆண்டிபட்டியில் ஒரு பழைய லாரிக்காரர் கொடுத்தார். அவருக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. குமுளியிலிருந்து மூட்டை இறக்குகிற வேலை. ஒவ்வொரு தடவையும் அந்தக் கொண்டை ஊசி வளைவைத் தாண்டும்போது பல்லைக் கடித்தேன். லாரியில் பழம் கட்டவில்லை. பூசாரி கேட்டார், எனக்கு ஒத்துக்காது என்றேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம், லாரியில் பாரத்தோடு அதே வளைவில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து கரும்பச்சை வண்டி ஏறி வந்தது. முதலாளியே ஓட்டிக்கொண்டு வந்தார், தனியாக. மலைக்கு ஓட்ட எவனும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும். எனக்குத் தெரியும். ஒதுங்கவும் ஸ்டீரிங்கை ஒடித்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். பழச்சரம் ரேடியேட்டர் மூடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பழமும் வெளியே, வண்டியின் மூக்கில். ஸ்டீரிங்குக்குக் கீழே கம்பி மட்டும் வெறுமையாக நின்றது.

லாரியை ரோட்டுக்கு நடுவில் நிறுத்தினேன். கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தேன். அவர் வண்டிப் பக்கம் போனேன்.

“வழிய விடுலே” என்றார்.

“விடுறேன் முதலாளி. ஒரு சின்ன உதவி.” லைசென்ஸை எடுத்து விரித்து அவர் கையில் கொடுத்தேன். “சிவப்புல என்னமோ எழுதியிருக்காம். எனக்குப் படிக்கத் தெரியாது. வாசிச்சுச் சொல்லுங்க.”

“இதுக்கு இதான் எடமா?”

“இதான் எடம் முதலாளி. இதே வளைவு.”

அவர் வண்டிக்குப் பின்னால் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. முதலாளிக்கு வண்டியைப் பின்னால் எடுக்கவும் தெரியாது. வேறு வழியில்லாமல் வாசித்தார். முதலில் இங்கிலீஷில் முணுமுணுத்தார்.

“தமிழ்ல சொல்லுங்க.”

“பெட்ரோல் மிச்சம் பிடிக்க வேணும்னே மலையில வண்டிய நியூட்ரல்ல விட்டுருக்கான்.”

“யாரு?”

அவர் லைசென்ஸை மடக்கினார்.

“பழம் முன்னாடி எங்கன கெடந்துச்சு முதலாளி?”

புதுப்பல்லை நாக்கால் தடவிக்கொண்டார். “கியருல.”

“இப்ப எங்கன கெடக்கு?”

“அங்கன வெயில் பட்டா சீக்கிரம் அழுகிருது. அதேன் மாத்துனேன்.”

வெயில்! ஸ்டீரிங்குக்குக் கீழே நிழல். ரேடியேட்டர் மேல் உச்சி வெயில், அதற்குக் கீழே கொதிக்கிற தண்ணீர். பழங்கள் அங்கே வெந்து கறுத்துப்போய்த் தொங்கின. அவரும் அதைப் பார்த்தார். நான் பார்ப்பதையும் பார்த்தார். வண்டிக்காரன் ஒருத்தன், “என்னப்பா கச்சேரி? வெரசா எடுங்கப்பா!” என்று கத்தினான்.

லைசென்ஸை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். முட்டுக்கல்லை உருட்டிவிட்டேன். லாரியை மலைச்சுவரோரம் ஒதுக்கினேன்.

அவர் கம்பியை ஒன்றில் வைத்தார். கையை எடுத்தார். கம்பி ஒன்றிலேயே நின்றது. மிதித்தார். வண்டி சத்தமில்லாமல் பிடித்து, ஒரு குலுக்கல்கூட இல்லாமல், வளைவில் ஏறிப் போனது.